கடலோர மேட்டுப்பாதையில் ஓட்டம்: ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்குத் தயாராகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. ஐந்து வருடமாக ஓடுகிறேன். வாரம் நான்கு நாள், எல்லாமே சமதளச் சாலையில்தான். 10 கிலோமீட்டரை 65 நிமிடத்தில் முடிப்பேன். போன விடுமுறையில் நாங்கள் தங்கிய இடத்தையொட்டி ஒரு கடலோரப் பாதை இருந்தது. 11 கிலோமீட்டர் போனால் அடுத்த ஊர். மொத்த ஏற்றம் 480 மீட்டர் என்று செயலி காட்டியது. "ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இருப்பேன், வண்டியில் வந்துவிடுங்கள்" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர 2 மணி 10 நிமிடம் ஆனது. எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கியதால், விட்ட நேரத்தைப் பிடிக்க ஒவ்வொரு இறக்கத்திலும் வேகமாக ஓடினேன். மறுநாள் சமாளித்தேன். அதற்கடுத்த நாள் படி இறங்கவே முடியவில்லை. மூன்று நாள் எங்கும் போகாமல் அறையிலேயே இருந்தேன். ஆறு வாரத்தில் மறுபடி அங்கேதான் போகிறோம், ஆறு நாள் தங்கல். தினமும் அந்தப் பாதையில் ஓட ஆசை. "விடுமுறைக்குப் போவது ஓய்வெடுக்கத்தானே" என்கிறார் கணவர். வலது முழங்காலின் முன்பக்கம் படி இறங்கும்போது எப்போதாவது லேசாக வலிக்கும். ஏற்றத்துக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? வேகம் குறையாமல் ஓட வழி உண்டா?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் ஏற்றத்துக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை மூன்று நாள் அறையில் முடக்கியது ஏற்றம் இல்லை, இறக்கம். நேரத்தைப் பிடிக்க நீங்கள் வேகமாக இறங்கியதுதான் அதற்குக் காரணம். பிசியோதெரபிஸ்டாக என்னிடம் விடுமுறை முடிந்து வரும் ஓட்டக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கும் கதை இது. ஆறு வாரம் கையில் இருக்கும்போதே கேட்டீர்களே, அது நல்லது.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது, ஒவ்வோர் அடியிலும் ஒரு பிரேக் போல. தாங்கிக்கொண்டே நீளும் இந்த வேலையில்தான் தசை நார்களுக்குள் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அந்த வலி உடனே வராது. மெல்ல ஏறி, 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அதனால்தான் மறுநாள் சமாளித்த உங்களுக்கு அதற்கடுத்த நாள் கால் மடங்கவில்லை. இதை லாக்டிக் அமிலத்தின் வேலை என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். ஓட்டத்தில் உண்டாகும் லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதில் ஏமாற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2002இல் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மலை ஓட்டக்காரர்களை ட்ரெட்மில்லில் பல சரிவுகளில் ஓடவிட்டு, செலவாகும் சக்தியை அளந்தார்கள். கிட்டத்தட்ட 20 சதவீத இறக்கத்தில், சமதளத்தில் ஆகும் செலவில் பாதிதான் ஆனது. அதாவது மூச்சும் இதயமும் "ரொம்ப சுலபம், இன்னும் வேகமாகப் போ" என்று சொல்லும் அதே நேரத்தில்தான் தொடை அடிவாங்கிக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நீங்களே நின்றுவிடுவீர்கள். இறக்கத்தில் உங்களை நிறுத்த அப்படி ஒரு எச்சரிக்கை வராது. அளவை நீங்கள்தான் முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த 2 மணி 10 நிமிடம். நீங்கள் மெதுவாக ஓடிவிட்டதாக நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் நடப்பவர்களுக்காக ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதைப் பிரித்துப் பார்த்தால், ஒரு மீட்டர் ஏறுவது சமதளத்தில் சுமார் எட்டு மீட்டர் போவதற்குச் சமம். மலை ஓட்டத்துக்கும் இந்த எட்டு மடங்கு நல்ல அளவுதான். உங்கள் பாதையில் 480 மீட்டர் ஏற்றம், அதாவது 3.8 கிலோமீட்டர் கூடுதல். 11 கிலோமீட்டர் என்பது உண்மையில் 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்கு நிதானமான வேகம் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 1 மணி 45 நிமிடம். அப்புறம் கல், வேர், படிக்கட்டு, வாயிற்கதவு, எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கி நிற்பது என்று 15, 20 சதவீதம் சேருங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். போன முறை நீங்கள் ஓடியது சரியான நேரம்தான். சொன்ன நேரம்தான் தவறு. இந்த முறை வீட்டாரிடம் இரண்டேகால் மணி நேரம் என்று சொல்லுங்கள். பிடிக்க வேண்டிய நேரம் என்று ஒன்று இல்லாவிட்டால் இறக்கத்தில் பாயும் அவசரமும் இருக்காது.

கடலோரம்தானே, பெரிய மலை ஒன்றும் இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,014 கிலோமீட்டர் நீளம். அதன் மிக உயரமான இடமே 318 மீட்டர்தான். ஆனால் முழுவதையும் கடப்பவர் ஏறும் மொத்த உயரம் ஏறக்குறைய 35,000 மீட்டர், கிட்டத்தட்ட நான்கு எவரெஸ்ட். கடலுக்கு வரும் ஒவ்வொரு ஓடையும் பாறையை அறுத்து ஒரு பள்ளத்தாக்கை உண்டாக்குகிறது. விளிம்பை ஒட்டிப் போகும் பாதை ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும். உயரம் குறைவு, தடவை அதிகம். உங்கள் பாதை கடல் மட்டத்தில் தொடங்கிக் கடல் மட்டத்தில் முடிவதால், 480 மீட்டர் ஏறினால் 480 மீட்டர் இறங்கியே ஆக வேண்டும். சமதளத்திலேயே ஓடிப் பழகிய தொடைக்கு அது புது வேலை.

புது வேலை என்பதால்தான் நம்பிக்கையும் இருக்கிறது. ஒருமுறை அளவாக இறக்கத்தில் ஓடினால், தசை அதிலிருந்து மீண்டு எழும்போது அடுத்த முறைக்கு ஒரு காப்பு கிடைக்கிறது. அதே இறக்கம் இரண்டாவது தடவை அவ்வளவு வலிக்காது. இந்தக் காப்பு சில வாரங்கள் நீடிக்கும். மலை எதுவும் வேண்டாம். மேம்பாலம், பல மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு, வாகன நிறுத்தத்துக்குப் போகும் சாய்தளம், எது இருந்தாலும் போதும். பெரும்பாலான ட்ரெட்மில்கள் மேல்நோக்கி மட்டுமே சாயும், அதனால் அதை இதற்கு நம்ப வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் உங்கள் ஓட்டங்களை மாற்ற வேண்டாம், கூடவே தசையைப் பழக்குங்கள். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். முழங்கால் உள்ளே மடங்காமல், கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். ஒரு காலுக்கு எட்டிலிருந்து பத்து முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். கண்ணாடி முன் செய்தால் முழங்கால் போகும் போக்கு தெரியும். கூடவே கெண்டைக்காலுக்குக் குதிகால் உயர்த்தும் பயிற்சி. அதிலும் இறங்கும் பாதியை மெதுவாகச் செய்யுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து உங்கள் நான்கு ஓட்டங்களில் ஒன்றை மேம்பாலத்துக்கு மாற்றுங்கள். ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள், இறக்கத்தில் நிதானமாக ஓடுங்கள். முதல் நாள் நான்கு இறக்கம், பிறகு வாரத்துக்கு இரண்டு கூட்டிக்கொண்டே போங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இறக்கப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மற்ற மூன்று ஓட்டங்கள் இருந்தபடியே இருக்கட்டும்.

ஏற்றத்துக்கு என்ன பயிற்சி என்று கேட்டீர்களே, என் பதில் சின்னது: நடங்கள். செங்குத்தான ஏற்றத்தில், ஒரே வேகத்தில் உயரம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், ஓடுவதைவிட நடப்பதற்குச் செலவாகும் சக்தி குறைவு என்று ஆய்வகத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். மலை ஓட்டத்தில் தேர்ந்தவர்களும் நடக்கிறார்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடியாத நொடியில் நடைக்கு மாறுங்கள், இரண்டு கையையும் தொடையில் ஊன்றி ஏறுங்கள். உச்சிக்கு வந்ததும் பாயாமல் 20, 30 அடி நடந்து மூச்சை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்குங்கள். கைக்கடிகாரத்தில் கிலோமீட்டர் வேகம் காட்டும் திரையை மாற்றி, கடந்த நேரம் மட்டும் தெரியும்படி வையுங்கள். ஏற்றத்தில் 11 நிமிடம், இறக்கத்தில் 6 நிமிடம் என்று குதிக்கும் அந்த எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. வேகம் குறையாமல் ஓட வழி உண்டா என்ற கேள்விக்கும் இதுதான் பதில். குறைய வேண்டியது வேகம்தான், உழைப்பு ஒரே அளவாக இருக்கட்டும்.

இறக்கத்தில் சில விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். அடி சின்னதாக, அடிக்கடி விழ வேண்டும். கால் உடம்புக்கு நேர்கீழே இறங்க வேண்டும், முன்னால் நீட்டிக் குதிகாலால் நிறுத்தக் கூடாது. பயத்தில் பின்னால் சாயாதீர்கள். சாய்ந்தால் குதிகால் வழுக்கும். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று, நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும், கைகள் பக்கவாட்டில் கொஞ்சம் விரியட்டும். கடல் தெரியும் இடத்தில் பார்க்க ஆசை வரும். பாருங்கள், நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே பார்க்கும்போதுதான் கணுக்கால் பிசகுகிறது. மரப்படியோ கல்படியோ வந்தால் நடந்தே இறங்குங்கள். அவற்றின் உயரம் ஒன்றுபோல் இருக்காது.

வலது முழங்காலைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைவிட அதிகமாகக் கவலைப்படுகிறேன். படி இறங்கும்போது முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் முட்டிச்சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே சுமை கூடுவதால் வருவது. ஓட்டக்காரர்களிடம் மிகச் சாதாரணம். மேலே சொன்ன படிப் பயிற்சி இதற்கும் மருந்துதான். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 160 என்றால் 168க்குக் கொண்டுவரப் பாருங்கள். அதே வேகத்தில் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்கால் வாங்கும் சுமை குறைகிறது. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். அதற்கு மேல் வலித்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். முழங்கால் வீங்கினாலோ, பாதியில் மாட்டிக்கொண்டாலோ, திடீரென மடங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு நேரில் ஒருவரிடம் காட்டுங்கள். கடிதத்தில் பார்க்கக்கூடியது அல்ல அது.

சரி, அந்த ஆறு நாள். தினமும் அந்தப் பாதை முழுவதையும் ஓடுவது வேண்டாம். முதல் நாள் காலை போக வர 40 நிமிடம் மட்டும், ஒரே ஒரு பள்ளத்தாக்கு. அது தொடைக்கு முன்னறிவிப்பு. இரண்டாம் நாள் ஓட்டம் கிடையாது, நடக்கலாம், நீந்தலாம். மூன்றாம் நாள் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஒரு மணி நேரம். நான்காம் நாள் வீட்டாருக்கு. ஐந்தாம் நாள் 11 கிலோமீட்டர் முழுவதும். ஆறாம் நாளுக்கு அதைத் தள்ளிப்போடாதீர்கள். தசை வீங்கிய காலோடு மணிக்கணக்கில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஊர் திரும்புவது சித்திரவதை. உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறு நாளில் மூன்று நாள் ஓடாவிட்டால் ஐந்து வருட உழைப்பு எங்கும் போய்விடாது. ஓடும் அந்த மூன்று காலையும் உங்களுடையது என்பதை அவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள், மிச்ச நேரத்தில் அரை மனதோடு இருக்க வேண்டியிராது. அவருக்கு நடக்கப் பிடிக்கும் என்றால் ஐந்தாம் நாள் அவர் முன்னதாகவே கிளம்பட்டும். நெய்ஸ்மித் கணக்கில் அந்தப் பாதை நடப்பவருக்கு மூன்று மணி நேரம். நீங்கள் ஒரு மணி நேரம் பின்னால் கிளம்பினால் அடுத்த ஊரில் ஏறக்குறைய ஒன்றாகவே போய்ச் சேருவீர்கள்.

கடலோரத்துக்கே உரிய சில ஆபத்துகள் உண்டு. இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

பாதை எங்காவது மணலிலோ பாறையிலோ இறங்கிப் போகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். இறங்கினால், கடல் ஏறும் நேரம் தெரியாமல் போகக் கூடாது. பெரும்பாலான கரைகளில் கடல் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 7 மணிக்கு உச்சம் என்றால் ஐந்தாம் நாள் 10 மணியைத் தாண்டிவிடும். முதல் நாள் ஓட்டத்தின்போது காய்ந்துகிடந்த மணல், ஐந்தாம் நாள் அதே வேளையில் தண்ணீருக்கு அடியில் இருக்கலாம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அந்தக் கரைக்கான அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாறைக்கும் தண்ணீருக்கும் இடையே ஓடித் தப்பிவிடலாம் என்று ஒருபோதும் கணக்குப் போடாதீர்கள். வந்த வழியே திரும்புங்கள்.

விளிம்பில் புல் இருப்பதால் அடியில் மண் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அலையும் மழையும் அடியை அரித்துவிட்டு மேல்புல்லை மட்டும் தொங்கவிட்டிருக்கும். பாதையில் நீர் தேங்கியிருக்கிறது என்று கடல் பக்கமாக ஒதுங்காதீர்கள், நிலத்தின் பக்கமாக ஒதுங்குங்கள், அல்லது நீரிலேயே கால் வையுங்கள். பலத்த மழை பெய்த மறுநாள் மண்சரிவு வரலாம். பாதை மூடியிருப்பதாக அறிவிப்பு இருந்தால் அத்தோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. காற்று பலமாக வீசும் நாளில் முனைகளைத் தாண்டும்போது திடீரென்று ஒரு வீச்சு வந்து ஆளையே நகர்த்தும். அங்கே நடங்கள். பாசி படிந்த கறுத்த பாறையை எந்தக் காலணியும் பிடிக்காது.

கடல் காற்று இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் வெயில் உறைக்கவே உறைக்காது. காற்று முதுகுப்பக்கம் வரும்போதுதான் எவ்வளவு சூடாகியிருக்கிறோம் என்று தெரியும். உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதமும் அலைநுரை சுமார் 25 சதவீதமும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. தொப்பி நிழல் தருகிறது என்று முகத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதிகாலையிலேயே ஓடிவிடுவது நல்லது, பகல் ஏறஏறக் கடல் காற்றும் வலுக்கும். 40 நிமிட ஓட்டத்துக்குத் தண்ணீர் சுமக்க வேண்டாம். ஐந்தாம் நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர், தாகம் எடுக்கும்போது குடிக்க. தாகமே இல்லாமல் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான், இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். மணிக்கு 30 கிராம் அளவு மாவுச்சத்து கிடைக்கும்படி ஏதாவது கையில் இருக்கட்டும்.

காலணி உங்களுடைய பழைய சாலைக் காலணியாக இருந்தால், காய்ந்த பாதைக்கு அது ஓரளவு போதும், ஈரத்தில் போதாது. அடியில் பற்கள் உள்ள காலணி வாங்குவதாக இருந்தால் இந்த வாரமே வாங்கி, போவதற்குள் நாலைந்து ஓட்டத்தில் பழக்கிவிடுங்கள். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று, நீர் புகாத உறையில் போன், ஒரு விசில், இவை போதும். பள்ளத்தாக்குகளில் போனுக்கு சிக்னல் கிடைக்காமல் போகலாம். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைப்பகுதிகளில் அறியப்பட்ட உதவிக் குரல். போகும் நாட்டின் அவசர எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். 112 பல நாடுகளில் வேலை செய்யும். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்பதைக் கிளம்பும் முன் கணவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகும் மூன்று நாளும்.

நான்கு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். படிப் பயிற்சியை எந்த உயரத்தில் செய்கிறீர்கள், வலது முழங்கால் பத்துக்கு எத்தனை வலிக்கிறது, மேம்பாலத்தில் எத்தனை இறக்கம் ஓடினீர்கள், இந்த மூன்றும் தெரிந்தால் ஐந்தாம் நாள் முழுப் பாதையா, பாதிப் பாதையா என்று சொல்லிவிடலாம்.